குடற்புழுவும் பூதக்கண்ணாடியும்

(ஆலங்குடியில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு இன்ஸ்பெக்டர் மேடை ஏறினால் தவணை பாக்கியைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் இன்று பேசப் போவது சாணத்தையும் புழுக்கையையும் மனித மலத்தையும் பற்றி. சபையில் எடுக்கத் தகாத பொருள் என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஆயினும் நம் பேரேட்டில் வசூலாகாமல் நிற்கும் கால்நடைக் கடனில் ஒரு பங்கு இந்த அசுத்தப் பொருளுக்குள்ளேதான் ஒளிந்து கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆகையால் தவணை பாக்கியைப் பற்றியே பேசினேன் என்று நீங்கள் வீட்டில் போய்ச் சொன்னாலும் அது பொய்யாகாது.

நான் வைத்தியன் அல்லேன், கணக்குப் பார்ப்பவன். இங்கே சொல்லப் போகும் விஷயங்கள் மனித வைத்தியர்களிடமும் கால்நடை வைத்தியர்களிடமும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வோரிடமும் கேட்டும், அவர்கள் கொடுத்த புத்தகங்களைப் படித்தும் தெரிந்து கொண்டவை.

நான் மேற்பார்வை செய்யும் சங்கங்களில் ஒன்றில் ஓர் அங்கத்தினர் கடன் பெற்று வெள்ளாடுகள் வாங்கினார். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தது, புல்லும் செழித்தது. தை பிறக்குமுன் ஆடுகள் இளைத்தன. தாடைக்கடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கிற்று. கண்ணின் உள்தோல் வெளுத்தது. அவர் கையைக் கட்டிக் கொண்டு இருக்கவில்லை; கடையில் பூச்சி மருந்து வாங்கி ஊற்றினார். இரண்டு வாரம் கழித்து வேறொரு கடையில் வேறு பெயருள்ள மருந்தை வாங்கி ஊற்றினார். ஆடுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. கடைசியில் கால்நடை வைத்தியர் வந்து, செத்த ஆடு ஒன்றின் நான்காவது இரைப்பையை அறுத்துக் காட்டினார். வெள்ளையும் சிவப்பும் சேர்த்து முறுக்கிய நூல் போன்ற புழுக்கள், ஒவ்வொன்றும் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை, உள்ளே நெளிந்து கொண்டிருந்தன. பெயர் வேறாயினும் அவர் வாங்கிய இரு மருந்துகளும் ஒரே சரக்கு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கடன் இன்னும் நிற்கிறது, ஆடு இல்லை.

இந்தப் புழு இரத்தம் உறிஞ்சுவது. ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.05 மில்லி லிட்டர் அளவு இரத்தம் நஷ்டமாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு துளி கூட ஆகாதே என்பீர்கள். ஆயிரம் புழு இருந்தால் ஒரு நாளைக்கு 50 மில்லி லிட்டர். இருபது கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பிலுள்ள மொத்த இரத்தமே ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. வட்டிக் கணக்குத் தெரிந்த உங்களுக்கு மேலே நான் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நஷ்டத்தை ஆடு இளைப்பதற்கு முன்பே, புழுக்கையில் ஒரு சிறிதை எடுத்துப் பரீக்ஷை செய்து கண்டுபிடித்திருக்கலாம். எப்படியென்றால், புழு உள்ளே இருந்தாலும் அதன் முட்டை வெளியே வருகிறது.

இது வெகு காலத்துக்கு முன் தெரிந்த விஷயமன்று. மனிதனைப் பிடிக்கும் கொக்கிப் புழுவை 1838ஆம் வருஷம் இத்தாலி தேசத்து மிலான் நகரில் துபீனி என்னும் வைத்தியர் ஒரு பெண்ணின் பிரேதத்தைச் சோதிக்கையில் கண்டார். உயிரோடிருப்பவனுக்குள் அது இருப்பதை அறிய வழி, மலத்தில் அதன் முட்டையைத் தேடுவதே என்று 1878இல் கிராஸி முதலான இத்தாலியர் காட்டினர். பிரேதத்தை அறுத்துத் தெரிந்து கொண்ட வியாதியை, நோயாளி நடந்து வந்து உட்கார்ந்திருக்கையிலேயே தெரிந்து கொள்ளும்படி ஆயிற்று. எகிப்தில் கெய்ரோ நகரிலிருந்த லூஸ் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர், 1890களின் கடைசியில், இளம்புழு நிறைந்த நீரைத் தம் கைமேல் சிந்திக் கொண்டார். தோல் அரித்துச் சிவந்தது. சில வாரங்களில் அவர் மலத்திலேயே முட்டைகள் தோன்றின. வாய் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் கொக்கிப் புழு புகும் என்பது இவ்வாறு வெளியாயிற்று.

நம் பக்கத்து ஜனங்களுக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. புதுக்கோட்டை, 1948இல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு இணைக்கப்படும் வரை சமஸ்தானமாக இருந்தது. அக்காலத்தில் இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அநேகர். நம் பாட்டன்மார் சிலர் மண்டபம் முகாமில் தங்கிக் கப்பலேறியதைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இலங்கையில் 1916 வாக்கில் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் மலப் பரீக்ஷை செய்தபோது, தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கொக்கிப் புழு இருக்கக் கண்டனர். பின்னர் 1920களில் மண்டபம் முகாமிலேயே கப்பலேறுவோருக்குப் புழு மருந்து கொடுக்கப்பட்டது. 1920இல் அதே ஸ்தாபனத்தார் சென்னை மாகாணத்திலும் கொக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள்.

அக்காலத்தில் ஒரு முக்கியமான பாடம் கிடைத்தது. கல்கத்தா உஷ்ணதேச வைத்தியப் பள்ளியில் 1924 முதல் சில ஆண்டுகள் வேலை செய்த சாண்ட்லர் என்னும் அமெரிக்கர், இந்தியாவின் பல பகுதிகளில் மலம் சேகரித்து, முட்டை உண்டா இல்லையா என்று பார்ப்பதோடு நில்லாமல், எத்தனை முட்டை என்று எண்ணினார். நூறு பேரில் எண்பது பேருக்குப் புழு உண்டு என்பது ஒரு விஷயம். அந்த எண்பது பேரும் எவ்வளவு புழுவைச் சுமக்கிறார்கள் என்பது வேறு விஷயம். பத்துப் புழு உள்ளவன் தன் வேலையைப் பார்த்துக் கொண்டிருப்பான். சில நூறு புழு உள்ளவள், அதிலும் கர்ப்பிணி, மூச்சு வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து விடுவாள். சங்கக் கணக்கிலும் எத்தனை பேர் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்து நாம் தீர்மானம் செய்வதில்லையே. ஒவ்வொருவர் பேரிலும் எவ்வளவு நிற்கிறது என்றுதானே பார்க்கிறோம்!

இனி ஆய்வுக்கூடத்துக்குள் நடப்பதைச் சொல்கிறேன். புளியங்கொட்டை அளவு கொடுத்தால் அங்கே என்ன மந்திரம் செய்கிறார்கள் என்று பலர் என்னைக் கேட்டதுண்டு. மந்திரம் ஒன்றுமில்லை.

முதலாவது, நேர்ப் பூச்சு. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்பு நீர் விட்டு, அதில் தீக்குச்சி முனையளவு மலத்தைக் கரைத்து, மெல்லிய கண்ணாடி மூடி, மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியில் நூறு மடங்கு, பிறகு நானூறு மடங்கு பெருக்கிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தால் சீதபேதிக் கிருமியின் உறையும் அதன் உட்கருக்களும் தெளியும். கொக்கிப் புழு முட்டை 60 மைக்ரான் நீளம். அதாவது ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் கூறாக்கி அதில் அறுபது கூறு. மெல்லிய ஓடு, உள்ளே நாலைந்து உருண்டைகள். உருண்டைப் புழுவின் முட்டைக்குக் கரடுமுரடான தடித்த ஓடு. சாட்டைப் புழுவின் முட்டை இரு முனையிலும் அடைப்பு வைத்த பீப்பாயைப் போலிருக்கும். பழகிய கண்ணுக்கு இவை நெல், கம்பு, கேழ்வரகு போல வெவ்வேறாகத் தோன்றும்.

இந்த முறையில் ஒரு குறை. எடுத்துக் கொண்ட மலம் மிகச் சிறிது. முட்டை சிலவே இருந்தால் அதில் அகப்படாது. ஆகையால் 1921இல் வில்லிஸ் என்பவர் உப்பு மிதவை முறையை எழுதினார். நம் வீட்டு உப்பையே இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு நீரில் கரைத்து, அதில் மலத்தைக் கலக்கி, சிறு குப்பியின் விளிம்பு வரை நிரப்பி, மேலே கண்ணாடித் தகட்டை வைத்து விட்டால், சில நிமிஷங்களில் இலேசான முட்டைகள் மிதந்து வந்து தகட்டில் ஒட்டிக் கொள்ளும். விதை நெல்லை உப்பு நீரிலிட்டுப் பதரை மிதக்க விடுகிறோமே, அதே வேலைதான். இங்கே மட்டும் மிதப்பது நமக்கு வேண்டியது. ஆனால் மாட்டின் ஈரல் புழு, இரைப்பைத் தட்டைப் புழு இவற்றின் முட்டை கனமானது. உப்பு நீரில் மிதக்காது. அதற்கு நேர் எதிர் முறை: சாணத்தை நிறைய நீரில் கரைத்து, வடிகட்டி, அடியில் படிய விட்டு, மேல் நீரைக் கொட்டி, வண்டலைப் பார்க்க வேண்டும். உப்பு நீரை மட்டும் நம்பி "மாட்டுக்குப் புழு இல்லை" என்று சொல்லி விட்டால், கண்மாய்ப் புல் மேயும் மாட்டின் விஷயத்தில் அது பெரும் பிழையாக முடியும்.

முட்டையை எண்ணுவதற்கும் முறை உண்டு. ஆடு மாடுகளுக்கு ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் கார்டன், விட்லாக் என்ற இருவர் 1939இல் அமைத்த கண்ணாடி அறை இன்றும் வழங்குகிறது. மூன்று கிராம் புழுக்கையை 42 மில்லி லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டி, முட்டைகளை உப்புக் கரைசலுக்கு மாற்றி, கோடு கிழித்த இரு சிறு அறைகளிலும் நிரப்பி எண்ணுகிறார்கள். இரு அறைகளிலும் சேர்ந்த எண்ணிக்கையை ஐம்பதால் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது கிடைக்கும். மனிதர்களுக்கு ஜப்பானியரான காட்டோ 1954இல் வகுத்து, பிரேசில் தேசத்துக் காட்ஸ் 1972இல் திருத்திய முறை வழங்குகிறது. துளையுள்ள அச்சில் 41.7 மில்லி கிராம் மலத்தை அளந்து, கிளிசரின் நீரில் ஊறிய செலபேன் தாளால் அழுத்தி, முட்டைகளை எண்ணி 24ஆல் பெருக்குகிறார்கள். கிராமுக்கு 2,000க்குள் கொக்கிப் புழு முட்டை இருந்தால் இலேசான பாரம். 4,000 முதல் மேற்பட்டால் கடுமையான பாரம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. இந்தத் தகட்டை அரை மணி, மிஞ்சினால் ஒரு மணிக்குள் பார்த்து விட வேண்டும். தாமதித்தால் கொக்கிப் புழு முட்டை கிளிசரினில் கரைந்தாற்போல் மறைந்து விடும். சோம்பலுள்ள ஆய்வுக்கூடத்தில் ஊரே சுகமாயிருப்பதாகக் கணக்கு வரும்!

பூதக்கண்ணாடியால் ஆகாத காரியங்களும் உண்டு. கொக்கிப் புழுவில் மனிதனுக்குரியவை இரண்டு ஜாதி, நாய் பூனைக்குரியவை வேறு சில. முட்டை எல்லாம் ஒரே உருவம். ஜாதி தெரிய வேண்டுமானால் முட்டையைப் பொரிக்க வைத்து இளம்புழுவைப் பார்க்க வேண்டும், அல்லது டி.என்.ஏ. பரீக்ஷை செய்ய வேண்டும். ஜவ்வாது மலை ஊர்களில் மனிதர், நாய், மண் ஆகிய மூன்றையும் இவ்விதம் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். அங்கே மனிதரிடம் மிகுதியாகக் கண்டது மனிதனுக்கே உரிய ஜாதிதான். ஆனால் நாய்க்கும் மனிதனுக்கும் பொதுவாக வரும் கொக்கிப் புழு ஜாதியும் தென்னிந்தியாவில் உண்டு என்பதை, களத்து மணலில் குழந்தையையும் நாயையும் சேர்த்து விளையாட விடுவோர் நினைவில் வைக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு இரவில் ஆசன வாயில் அரிப்புண்டாக்கும் சிறு வெள்ளைக் கீரிப் பூச்சிக்கு மலப் பரீக்ஷை பெரும்பாலும் உதவாது. அது முட்டையை வெளியே தோலின் மேல் இடுகிறது. விடியற்காலையில், குழந்தையைக் கழுவுமுன், ஒட்டும் செலபேன் தாளை அவ்விடத்தில் ஒற்றியெடுத்துத் தகட்டில் ஒட்டிப் பார்க்க வேண்டும். இதைத் தாய்மார்கள் தாமே செய்து தகட்டை மட்டும் கொண்டு போகலாம்.

புழு புகுந்த அன்றே முட்டை வருவதும் இல்லை. கொக்கிப் புழு புகுந்து ஐந்து முதல் எட்டு வாரம் சென்ற பிறகே மலத்தில் முட்டை காணும். ஆட்டின் இரத்தப் புழுவுக்குச் சுமார் மூன்று வாரம். நம் சீமைக்கு இது பெரிதும் பொருந்தும் ஒரு விஷயம். மார்கழி, தை கழிந்து கண்மாய் நீர் வற்றும்போது, கரையோரப் பசும்புல்லில் மாடு மேய்கிறது. நத்தையிலிருந்து வெளிப்பட்ட தட்டைப் புழுவின் குஞ்சுகள் அந்தப் புல்லில் உறை கட்டி ஒட்டியிருக்கின்றன. அவை குடலில் இறங்கி வளரும் பருவத்தில்தான் கன்றும் செம்மறியும் நாற்றமுள்ள நீர்க் கழிச்சலால் சாகின்றன. அப்போது சாணத்தில் முட்டை ஒன்றும் இராது. ஏனெனில் புழு இன்னும் முட்டையிடும் வயதுக்கு வரவில்லை. ஆகவே "முட்டை இல்லை" என்ற சீட்டு வந்தாலும், வண்டலைக் கூர்ந்து பார்க்கும்படியும், எங்கே மேய்ந்தது என்பதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. சீட்டை மட்டும் பார்த்து வைத்தியம் செய்வோரைக் காட்டிலும், கண்மாயைப் பற்றி விசாரிக்கும் வைத்தியரே மேலானவர் என்பது என் எண்ணம்.

மாதிரி எடுத்துச் செல்வதில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. மனித மலத்தை அகன்ற வாயுள்ள, மூடியுள்ள, உலர்ந்த டப்பியில் எடுக்க வேண்டும். மூத்திரமோ தண்ணீரோ கலக்கக் கூடாது. மண்ணிலிருந்து வாரக் கூடாது. மண்ணிலே தானாக வாழும் புழுக்கள் உண்டு, அவை கலந்தால் இல்லாத வியாதி இருப்பதாகத் தோன்றும். விளக்கெண்ணெய் குடித்த பின் எடுத்த மலம் உதவாது. சளியும் இரத்தமும் இருந்தால் அந்த இடத்தையே எடுக்க வேண்டும். நீராகப் போகும் சீதபேதி மலத்தை அரை மணிக்குள் பார்த்தால்தான் உயிருள்ள அமீபாக் கிருமி தெரியும். ஆகையால் அந்நோயாளியையே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது உத்தமம். மற்ற மாதிரிகள் அன்று காலையே போய்ச் சேர வேண்டும். நம் வெய்யிலில் கொக்கிப் புழு முட்டை ஒரு நாள், இரண்டு நாளில் பொரிந்து விடும். ஒரு நாள் ஒன்றும் காணாவிட்டால் வேறு இரண்டு நாள் கொடுத்துப் பார்ப்பது முறை.

ஆடு மாட்டுக்கு, கையுறை போட்டு ஆசன வாயிலிருந்தே எடுப்பது நலம். டப்பியைக் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி மூடி, குளிர்ந்த பெட்டியில் வைக்கலாம். உறைய வைக்கக் கூடாது. டப்பி மேல் உடையவர் பெயர், மிருகத்தின் வயது, கடைசியாக மருந்து ஊற்றிய தேதி மூன்றும் எழுத வேண்டும். மந்தை பெரிதானால் பத்து ஆடுகளிடமிருந்து சமமாக எடுத்துச் சேர்த்துக் கொடுத்தாலும் மந்தையின் நிலை தெரியும்.

மருந்து ஊற்றியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவது நம்மவரிடம் உள்ள வழக்கம். நான் மேலே சொன்ன அங்கத்தினர் இரு முறை ஊற்றியும் ஆடு செத்ததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. ஒரே ஜாதி மருந்தை அடிக்கடி, அதுவும் எடை பாராமல் குறைவாகக் கொடுத்து வந்தால், அதற்கு அஞ்சாத புழு மிஞ்சிப் பெருகும். அல்பெண்டசோல் வகை மருந்துக்கு அடங்காத இரத்தப் புழு தமிழ்நாட்டு ஆடுகளிலும் காணப்பட்டிருக்கிறது. மருந்துக்கு முன் ஒரு முறை, மருந்துக்குப் பின் பத்து முதல் பதினான்கு நாளில் ஒரு முறை முட்டையை எண்ணிப் பார்த்தால், மருந்து வேலை செய்ததா என்பது ஐயமின்றித் தெரியும். ஆயிரம் இருந்த இடத்தில் ஐம்பதுக்கு மேல் மிஞ்சினால் அந்த மருந்தின் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். மந்தைக்கெல்லாம் மாதந்தோறும் ஊற்றுவதைக் காட்டிலும், பரீக்ஷித்து வேண்டியவற்றுக்கு மட்டும் ஊற்றுவது செலவிலும் குறைவு, மருந்தும் நெடு நாள் பயன்படும்.

மிருக வைத்தியமும் மனித வைத்தியமும் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று உறவு. கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் மருந்தை 1921இல் அமெரிக்க மிருக வைத்திய ஆராய்ச்சியாளர் ஹால் என்பவர் நாய்களிடம் சோதித்துப் பின் தாமே விழுங்கிப் பார்த்தார். உடனே அது மனிதருக்கும் உலகெங்கும் வழங்கிற்று. ஈரலைக் கெடுப்பதால் பிற்காலத்தில் கைவிடப்பட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகள் விழுங்கும் அல்பெண்டசோலும் முதலில் கால்நடைக்காக வந்த மருந்தே.

அந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்தி, ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ளோருக்குச் சர்க்கார் இலவசமாய்க் கொடுக்கிறார்கள், நல்ல காரியம். பரீக்ஷை செய்யாமலே எல்லோருக்கும் கொடுப்பதற்குக் காரணம், லக்ஷக்கணக்கான பிள்ளைகளைப் பரீக்ஷிப்பதைவிட மாத்திரை மலிவு என்பதே. ஆனால் கொக்கிப் புழு பிள்ளைகளோடு நிற்பதன்று. வயது ஏறினாலும் விடாது. திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2017 முதல் நடத்திய பெரிய ஆராய்ச்சியில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து கொடுப்பதையும், ஊரார் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரு முறை கொடுப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கும் மிகுதியாகக் கண்டது கொக்கிப் புழுவே. பெரும்பாலும் இலேசான பாரம். பெரியவர்களும் அதைச் சுமந்திருந்தார்கள். கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் பலாத் தோப்பு நிழலிலும் பூந்தோட்டத்து ஈர மண்ணிலும் வெறுங்காலோடு நிற்பவர் பிள்ளைகளல்லர், பெரியவர்கள். நிழலும் ஈரமும் உள்ள இளகிய மண்ணில், மலத்தோடு விழுந்த முட்டை ஐந்து முதல் பத்து நாளில் காலைத் துளைக்கும் இளம்புழுவாகிறது. ஆகவே களைப்பும் வெளுப்பும் உள்ள பெரியவர்கள், மாத்திரை நாளில் தங்கள் வயது சேரவில்லையென்று விட்டு விடாமல், மலமும் இரத்தமும் பரீக்ஷை செய்து கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் எந்தப் பூச்சி மருந்தையும் உட்கொள்ளலாகாது.

பரீக்ஷைக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. மனிதருக்கு ஆலங்குடி சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு மேற்பட்டதற்குப் புதுக்கோட்டையில் 2017இல் திறந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஆடு மாட்டுக்குக் கால்நடை வைத்தியசாலையும், ஜில்லாவின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவும் உள்ளன. தஞ்சாவூர் ஜில்லா ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொலைவன்று.

நான் இன்று உங்கள் முன் வைக்கும் யோசனை சிறியது. சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து மூடியுள்ள டப்பிகள், கையுறைகள், ஒரு குளிர் பெட்டி, ஒரு பதிவுப் புத்தகம் வாங்கி வைக்க வேண்டும். கால்நடைக் கடன் பெற்ற ஒவ்வோர் அங்கத்தினரும் புரட்டாசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை, மருந்து ஊற்றிய பின் ஒரு முறை மாதிரி கொடுக்க வேண்டும். பால் சங்கத்தார் காலைப் பால் எடுக்கும் நேரத்திலேயே டப்பிகளை வாங்கிக் கொண்டால், எட்டு மணிக்குள் வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும். வந்த முடிவைப் பதிவுப் புத்தகத்தில், கடன் எண்ணுக்கு நேரே எழுதி வைக்க வேண்டும். எந்த மந்தைக்கு எந்த மருந்து பலித்தது என்பது இரண்டு வருஷத்தில் ஊருக்கே தெரிந்து விடும். மனிதருக்குரிய முடிவை மட்டும் அந்தப் புத்தகத்தில் எழுதலாகாது. அது அவரவர் கையில் மூடிய உறையில் சேர வேண்டியது.

நிர்வாகக் கமிட்டியார் இதை அடுத்த பொதுச் சபையில் தீர்மானமாகக் கொண்டு வர இசைந்திருக்கிறார்கள். ஆடு வைத்திருப்போர் தங்கள் பெயரையும் உருப்படிகளின் எண்ணிக்கையையும் இன்றே காரியதரிசியிடம் எழுதிக் கொடுத்துப் போகும்படி கேட்டுக் கொள்கிறேன். டப்பி எத்தனை வாங்குவது என்பது அந்தக் கணக்கைக் கொண்டே தீர்மானமாகும்.